பெயரில்லாமல் கரையில் கிடந்தவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேல் கொழும்பில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். எங்களை முதலியார் என்று கூப்பிடுவார்கள். சிங்களத்தில் நடக்கும் மரண விசாரணையில் தமிழ்க் குடும்பத்துக்கு வாயாக நிற்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி. ஓய்வு பெற்ற பிறகு, வெள்ளவத்தையில் நண்பர்கள் கூடும் ஒரு வீட்டில், அவுஸ்திரேலியாவின் 'சோமர்ட்டன் மனிதன்' பற்றி ஒரு மாலை பேசினேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. பாதி அடிலெய்டைப் பற்றி, மீதி நம்முடைய கடற்கரையைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் அன்றைக்குப் பிந்தி வந்தேன். சோமர்ட்டன் மனிதன் என்றால் யார்?

அடிலெய்டுக்குத் தென்மேற்கே, கிளெனெல்க் என்ற கடலோர ஊரை ஒட்டி சோமர்ட்டன் பார்க் என்றொரு இடம். 1948 டிசெம்பர் 1 ஆம் திகதி காலை ஆறரை மணிபோல, அங்கே மணலில் ஒருவர் இறந்து கிடந்தார். தலை கடற்சுவரில் சாய்ந்திருந்தது. கால்களை நீட்டி ஒன்றன்மேல் ஒன்று போட்டிருந்தார். கோட்டுக் காலரில் பாதி புகைத்த சிகரெட். முந்தின நாள் மாலையே அந்தப் பக்கம் நடந்து போனவர்கள் ஒருவரை அதே இடத்தில் பார்த்திருக்கிறார்கள். குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார் என்று நினைத்து விலகிப் போய்விட்டார்கள். நம் காலிமுகத்திடலில் என்றாலும் அப்படித்தான் போயிருப்போம்.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். உயரம் சுமார் 180 சென்றிமீற்றர். பணப்பை இல்லை, தொப்பி இல்லை, பெயர் சொல்லும் ஒரு கடதாசி இல்லை. இருந்தவை இவ்வளவுதான்: ஹென்லி பீச்சுக்கு எடுத்துப் பயன்படுத்தாத ரயில் டிக்கெட், ஒரு பஸ் டிக்கெட், அலுமினியச் சீப்பு, பாதி முடிந்த சூயிங்கம் பக்கெட், தீப்பெட்டி, பிறகு ஆமி கிளப் என்று எழுதிய சிகரெட் பெட்டி. பெட்டிக்குள்ளே இருந்ததோ கென்சிடாஸ் என்ற வேறு வகை. உடுப்பில் இருந்த லேபல்களை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். கடைசியாகச் சாப்பிட்டது ஒரு பேஸ்டி. நம் பேக்கரி பெட்டிஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரு பெயர் கிடைக்க 2022 ஜூலை வரை ஆனது.

கடலில் மூழ்கி இறந்தவரா?

இல்லை. கடற்கரையில் கிடந்தது வேறு, கடல் கொண்டுவந்து போட்டது வேறு. அவருடைய சப்பாத்து துடைத்து வைத்ததுபோலப் பளபளப்பாக இருந்தது.

நஞ்சு என்கிறார்களே?

பிரேத பரிசோதனை செய்தவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் வயிற்றிலோ இரத்தத்திலோ எந்த நஞ்சும் அகப்படவில்லை. தடயம் விடாமல் மறையக்கூடிய, இதயத்தைத் தாக்கும் சில மருந்துகளின் பெயர்கள் விசாரணையில் சொல்லப்பட்டன. நிரூபிக்கப்படவில்லை. மரணத்தின் காரணம் இன்றுவரை திறந்தே இருக்கிறது. பெயர் தெரிந்துவிட்டால் காரணமும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வழக்கு நல்ல பாடம்.

அந்த சூட்கேஸில் என்ன இருந்தது?

1949 ஜனவரி நடுப்பகுதியில் அடிலெய்ட் ரயில் நிலையத்தின் பொதி காப்பறையில் ஒரு சூட்கேஸ் அகப்பட்டது. நவம்பர் 30 ஆம் திகதி முற்பகல் ஒப்படைத்துவிட்டுப் போன ஒருவர் அதை எடுக்கத் திரும்பி வரவேயில்லை. உள்ளே உடுப்பு, சவரச் சாமான், சில கருவிகள், ஒரு நூற்கட்டை. எனக்குப் பிடித்தது அந்த நூல்தான். செம்மஞ்சள் நிறம், மெழுகு பூசியது, அவுஸ்திரேலியக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காத வகை. கரையில் கிடந்தவர் போட்டிருந்த காற்சட்டையின் பைத்துணி கிழிந்து, அதே நூலால் தைக்கப்பட்டிருந்தது. யாரோ ஒரு மனிதர் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து தன் காற்சட்டைப் பையைத் தானே தைத்திருக்கிறார். பெட்டியையும் ஆளையும் இணைத்தது அந்தத் தையல்.

சூட்கேஸில் இருந்த சில துணிகளில் கீன் என்ற பெயர் இருந்தது, சலவைக் குறிகளும் இருந்தன. நம் பக்கத்திலும் முந்திச் சலவைக்காரர் சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் வீட்டுக்கு ஒரு குறி போடுவார்கள். எத்தனை தரம் வெளுத்தாலும் போகாது. அந்தக் காலத்துப் பொலிஸாருக்கு அது அடையாள அட்டைபோல. இப்போது எல்லார் வீட்டிலும் வாஷிங் மெஷின் வந்துவிட்டது, குறியும் போய்விட்டது. அடிலெய்டில் அந்தக் குறிகளும் உதவவில்லை. கீன் என்ற பெயரில் காணாமற்போனவர் எவரும் அகப்படவில்லை.

ஒரு கடதாசித் துண்டு பற்றிச் சொன்னீர்களே?

காற்சட்டையின் இடுப்போரம் ஒரு சின்ன இரகசியப் பை. முதல் சோதனையில் கண்ணில் படவில்லை. சில மாதங்கள் கழித்து அதற்குள் சுருட்டி வைத்த ஒரு துண்டு அகப்பட்டது. அச்சில் இரண்டே சொல்: 'தமாம் ஷுத்'. பாரசீகத்தில் 'முடிந்தது' என்று பொருள். பாரசீகக் கவி உமர் கய்யாமின் ருபாயாத் என்ற கவிதை நூலின் ஆங்கிலப் பதிப்பில், கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்தது.

பொலிஸார் பத்திரிகையில் போட்டார்கள். கிளெனெல்க்கில் நிறுத்தியிருந்த தன் காரின் பின் இருக்கையில் யாரோ எறிந்துவிட்டுப் போன புத்தகத்தை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். கிழிந்த இடம் பொருந்தியது. பின்னட்டையில் மங்கலாகச் சில வரி ஆங்கில எழுத்துகள், அர்த்தம் புரியாத வரிசையில். கூடவே ஒரு தொலைபேசி இலக்கம். இலக்கம், உடல் கிடந்த இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வசித்த ஒரு தாதியுடையது. தனக்கு இறந்தவரைத் தெரியாது என்று தாதி சொன்னார். யுத்த காலத்தில் ஒரு இராணுவ அதிகாரிக்கு அதே புத்தகத்தின் ஒரு பிரதியைப் பரிசாகக் கொடுத்ததாகவும் சொன்னார். அப்படியானால் இறந்தவர் அந்த அதிகாரிதான் என்று பொலிஸார் நினைத்தார்கள். போய்ப் பார்த்தால் ஆள் சிட்னியில் உயிரோடு இருக்கிறார், புத்தகத்தின் கடைசிப் பக்கமும் கிழியாமல் இருக்கிறது.

அப்படியென்றால் ஒற்றர்தானே?

பனிப்போர் தொடங்கிய நேரம், லேபல் இல்லாத உடுப்பு, புரியாத எழுத்து. எவருக்கும் அந்த எண்ணம் வரும். ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. அந்த எழுத்துகளை இன்றுவரை எவரும் ஐயமற வாசிக்கவில்லை.

இத்தனை துப்பு இருந்தும் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? படம் பத்திரிகையில் வந்ததுதானே?

வந்தது. அதனால் ஆட்கள் வந்தார்கள், அதுதான் பிரச்சினை. முதல் நாட்களிலேயே பத்திரிகை ஒரு பெயரைச் சொன்னது. அந்தப் பெயருக்குரியவர் மறுநாள் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தே வந்தார். 1949 பெப்ரவரிக்குள் எட்டு வெவ்வேறு பெயர்களை 'நிச்சயமாக இவர்தான்' என்று சொல்லிவிட்டார்கள். உடலைப் பார்த்து இவர் என் நண்பர் விறகு வெட்டுபவர் என்று உறுதியாகச் சொன்ன ஒரு பெண்மணி, பிறகு தழும்பு பொருந்தவில்லை என்று பின்வாங்கினார். 1953 நவம்பரில் பொலிஸார் எண்ணியபோது, வந்த 'தீர்வு'கள் 251.

இவர்களில் பொய் சொன்னவர்கள் குறைவு என்பது என் எண்ணம். பிரேத அறையில் நான் நிறையத் தரம் நின்றிருக்கிறேன். காணாமற்போனவரைத் தேடி வருகிற ஒருவர் முகத்தைப் பார்ப்பதில்லை, தான் கொண்டுவந்த முகத்தைத்தான் பார்க்கிறார். சிலர் தங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் சரியாகப் பார்ப்பதேயில்லை. சிலருக்கு எப்படியாவது ஒரு முடிவு வேண்டும், யாரைக் காட்டினாலும் தலையாட்டிவிடுவார்கள்.

கைரேகை எடுத்தார்களா?

எடுத்து உலகெங்கும் அனுப்பினார்கள். ஓரிடத்திலும் பொருந்தவில்லை. ஒப்பிட இரண்டு பக்கம் வேண்டும் அல்லவா? ஒரு பக்கம் மட்டும் கையில் இருந்தால் அது வெறும் கோடு.

பிறகு 2022 இல் எப்படிப் பெயர் வந்தது?

உடலைப் புதைப்பதற்கு முன்னால், அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம்பண்ணும் ஒருவரைக் கொண்டு தலைக்கும் தோளுக்கும் சாந்து வார்ப்பு ஒன்று எடுத்து வைத்தார்கள். 1949 ஜூன் 14 அடக்கம். வார்ப்பு எடுத்தபோது சில தலைமயிர்கள் சாந்தில் ஒட்டிக்கொண்டன. எழுபது வருடம் அவை அப்படியே இருந்தன.

அடிலெய்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபொட் அந்த மயிரை ஆய்வுக்கு எடுத்தார். மரபுவழிக் குடும்ப மர ஆய்வில் பெயர் பெற்ற கொலீன் ஃபிட்ஸ்பட்ரிக் என்ற அமெரிக்கர் கூடச் சேர்ந்தார். தங்கள் டிஎன்ஏயைத் தாங்களே பொதுத் தளத்தில் ஏற்றி வைத்திருக்கும் ஆட்களோடு ஒப்பிட்டு, தூரத்துச் சொந்தம் ஒன்றைப் பிடித்து, அங்கிருந்து சுமார் 4,000 பேர் கொண்ட வம்சவரிசை வரைந்தார்கள். எங்கள் ஊர்க் கிழவிகள் 'அவன் ஆற்றை பிள்ளை' என்று தொடங்கி ஐந்து தலைமுறை ஏறி இறங்குவார்களே, அதே வேலைதான். கடைசியில் இறப்புப் பதிவு இல்லாத ஒருவர் மிஞ்சினார்: கார்ல் வெப், 1905 நவம்பர் 16 இல் மெல்பர்னின் ஃபுட்ஸ்கிரேயில் பிறந்தவர், மின்கருவிகள் செய்பவர். 2022 ஜூலை 26 இல் அறிவித்தார்கள். வெப்பின் சகோதரியின் கணவர் பெயர் தோமஸ் கீன். துணியில் இருந்த கீன் எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு அப்போதுதான் ஒரு வழி தெரிந்தது. மைத்துனரின் பழைய சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதவர் நம்மில் யார்?

பொலிஸார் ஏற்றுக்கொண்டார்களா?

அபொட் அறிவித்தபோது தெற்கு அவுஸ்திரேலியப் பொலிஸார் உறுதிசெய்யவில்லை. அவர்கள் 2021 மே 19 இல் தனியாக உடலைத் தோண்டி எடுத்துச் சோதனையில் இருந்தார்கள். ஆகவே நான் எப்போதும் 'ஆய்வாளர்கள் சொல்லும் பெயர்' என்றே சொல்வேன். நீதிமன்றப் பழக்கம்.

ஒரு மனிதர் காணாமற்போனால் வீட்டார் தேடமாட்டார்களா?

எல்லாக் கேள்வியிலும் எனக்கு இதுதான் பெரிய கேள்வி. வெப் மணமானவர். 1947 இல் மனைவியை விட்டுப் போனார். அவர் இறந்ததே தெரியாமல் மனைவி 1951 இல், கணவர் கைவிட்டுவிட்டார் என்று விவாகரத்து வழக்குப் போட்டார். அந்த நேரம் மனைவி தெற்கு அவுஸ்திரேலியாவில், அடிலெய்டிலிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்தில்தான் குடியிருந்தார். பத்திரிகை எல்லாம் எழுதிய சடலம் தன்னுடையவர் என்று அவருக்குத் தோன்ற வழியில்லை. போனவர் போய்விட்டார் என்று முடிவெடுத்தவர் எதற்காகப் பிரேத அறைக்குப் போவார்?

பொலிஸாரிடம் உடல் இருந்தது, பெட்டி இருந்தது, நூல், புத்தகம், ரேகை எல்லாம் இருந்தன. 'எங்கள் ஆளைக் காணவில்லை' என்ற ஒரு முறைப்பாடு இல்லை. இங்கே கொழும்பிலும் நான் பார்த்தது இதைத்தான். தேடுகிறவர் இருந்தால் அரைகுறை அடையாளமே போதும். தேடுகிறவர் இல்லாவிட்டால் முழு முகமும் போதாது.

சரி, கொழும்புக்கு வருவோம். வெள்ளவத்தையில் ஒரு சடலம் கரையொதுங்கினால் என்ன நடக்கும்?

கண்டவர் 119 க்கு அடிப்பார், அல்லது பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கு ஓடுவார். நம் கரையோரம் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ விசாரணை நடத்த வேண்டும். உடல் பிரேத அறைக்குப் போகும். கொழும்பு நகரம் என்றால் பிரான்சிஸ் வீதியில் உள்ள சட்ட வைத்திய அதிகாரியின் பக்கம், தெற்கே என்றால் பெரும்பாலும் களுபோவிலை ஆஸ்பத்திரி. அங்கே சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார். தேவைப்பட்டால் மாதிரிகள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்குப் போகும்.

உயரம், வயதுக் கணிப்பு, பல், தழும்பு, பச்சை குத்தியது, உடுப்பு எல்லாம் எழுதுவார்கள். ஆனால் உடல் அகப்பட்ட இடத்தை வைத்து ஆள் எந்த ஊர் என்று முடிவெடுக்கக் கூடாது. களனி ஆறு, வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய் எல்லாம் இந்தக் கடலில்தான் விழுகின்றன. உள்ளே எங்கோ தவறியவர் இங்கே வந்து சேரலாம்.

முகத்தைக் காட்டினாலே போதாதா?

நம் கடல் வெதுவெதுப்பானது. மூழ்கியவர் சில நாளில் வாயுவால் ஊதி மேலே வருவார். அதற்குள் முகம் வீங்கி, நிறம் மாறி, தாய்க்கே மட்டுக்கட்ட முடியாமல் போயிருக்கும். மீனும் நண்டும் மென்மையான இடங்களை முதலில் எடுத்துவிடும். விவரம் இவ்வளவு போதும். சர்வதேசப் பொலிஸ் அமைப்பான இன்டர்போல், பேரிடரில் இறந்தவர்களை அடையாளம் காண மூன்றைத்தான் முதன்மையாக வைத்திருக்கிறது: விரல்ரேகை, பல், டிஎன்ஏ. முகம், உடுப்பு, நகை எல்லாம் துணைக்கு. கையின் தோல் உறைபோலக் கழன்று வந்தால்கூட, அதை நிபுணர் தன் விரலில் மாட்டிக்கொண்டு ரேகை எடுப்பது உண்டு. கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

நம் ஆட்களின் ரேகை பொலிஸிடம் இருக்கிறதா?

பொலிஸ் பதிவில் பெரும்பாலும் குற்ற வழக்கில் அகப்பட்டவர்களின் ரேகைதான் இருக்கும். 2015 முதல் கடவுச்சீட்டு விண்ணப்பிக்கிறவர்களிடம் குடிவரவுத் திணைக்களம் ரேகை எடுக்கிறது. வழக்கும் இல்லாமல், வெளிநாட்டுக்கும் போகாமல் ஒழுங்காக இருந்த மனிதர்தான் இந்த விஷயத்தில் கஷ்டப்படுகிறார்.

சட்டைப்பையில் அடையாள அட்டை இருந்து பாதி அழிந்திருந்தால்?

பாதி இலக்கமும் பேசும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். '62578' வரை வாசிக்க முடிந்தால், 1962 இல் பிறந்த பெண், 78 ஆவது நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணுவதால் அது மார்ச் 18. மீதியை ஆட்பதிவுத் திணைக்களத்தில் தேடலாம். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையில் வருடத்தை நான்கு இலக்கத்தில் முழுதாகப் போடுகிறார்கள்.

ஆளைக் காணவில்லை என்றால் 24 மணி நேரம் பொறுக்க வேண்டுமாமே?

சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. படத்தில் பார்த்தது. உடனே போங்கள். தமிழில் முறைப்பாடு கொடுக்க அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு தரம் பட்ட பாடு. ஹட்டன் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகன் புறக்கோட்டையில் நாட்டாமை வேலை, மூட்டை தூக்குபவர். இரண்டு கிழமையாகத் தகவல் இல்லை. ஒரு பொலிஸ் நிலையத்தில், பெயர் வேண்டாம், முறைப்பாடு எழுதும்போது அந்த அம்மா சொன்னார்: "வலது கையில சுடுதண்ணி பட்ட காயம் இருக்குங்க ஐயா, சின்னப் புள்ளையில பட்டது." எழுதியவர் அரைத் தமிழில் கேட்டு, 'துவாலய' என்று எழுதிவிட்டார். சிங்களத்தில் அது புண். தழும்புக்குச் சொல் 'கெலல'. அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, விரல் அடையாளம் வைத்துவிட்டுப் போனார். பிரேத அறையில் அந்த நேரம் பழைய எரிகாயத் தழும்போடு ஓர் இளைஞன் பெயரில்லாமல் கிடந்தான். ஒருவர் கையில் புண்ணைத் தேடினார், மற்றவர் கையில் தழும்பு இருந்தது. எட்டு நாள் இரண்டு கடதாசியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அந்த அம்மா விடவில்லை, அது வேறு விஷயம். தினமும் வந்து வாசலில் நின்றார். ஒன்பதாம் நாள் அவரோடு உள்ளே போனது நான். முகம் சொல்கிற நிலையில் இல்லை. உடுப்போடு கழற்றி வைத்திருந்த அரைஞாண் கயிற்றைக் காட்டினார்கள், அதில் ஒரு சின்னத் தகரச் சாவி கட்டியிருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. மகன் தங்கியிருந்த அறையிலிருந்து அவன் தகரப்பெட்டியை அவர் ஏற்கெனவே எடுத்து வந்திருந்தார், திறக்க முடியாமல். பொலிஸ்காரர் முன்னால் சாவியைப் போட்டுத் திருப்பினோம். திறந்தது. உள்ளே இரண்டு சாரம், ஒரு சம்பளக் கொப்பி, தங்கைக்கு வாங்கிய காதுத் தோடு. பிறகு பல்லையும் தழும்பையும் வைத்து முறைப்படி உறுதிசெய்தார்கள்.

முறைப்பாட்டில் வேறு என்ன சொல்ல வேண்டும்?

பிடுங்கிய பல், கட்டிய பல், எந்த வைத்தியரிடம் என்பது. எலும்பு முறிந்து கம்பி வைத்திருந்தால் அது. காது குத்தல், மறு எந்தப் பக்கம், செத்த நகம், கையில் கட்டிய கயிறு. 'வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்' என்பது பெரிதாக உதவாது. 'மூன்றாவது பொத்தான் வேறு நிறம்' என்பது உதவும். சிரித்தபடி பல் தெரியும் படம் கொண்டுபோங்கள். அடையாள அட்டைப் படத்தில் எவரும் சிரிப்பதில்லை.

இலங்கையில் டிஎன்ஏ பார்க்கிறார்களா?

பார்க்கிறார்கள். ஞாபகம் இருக்கிறதா, 2004 சுனாமியில் கல்முனைப் பக்கம் தனியாக அகப்பட்டு 'குழந்தை 81' என்று பெயர் பெற்ற இரண்டு மாதக் குழந்தை? பல பெற்றோர் உரிமை கோருகிறார்கள் என்று உலகமெல்லாம் செய்தி. நீதிமன்றம் சொல்லி, குழந்தையையும் பெற்றோரையும் கொழும்புக்குக் கூட்டிவந்து டிஎன்ஏ பார்த்து, 2005 பெப்ரவரியில் ஒப்படைத்தார்கள். உயிரோடு இருக்கிற குழந்தைக்குச் செய்ததை இறந்தவருக்கும் செய்யலாம். தாய், தகப்பன், பிள்ளை இவர்களில் ஒருவரின் மாதிரி கிடைத்தால் நல்லது. ஒருவரும் வராவிட்டால் இங்கேயும் ஒரு பக்கம்தான்.

ஒருவரும் உரிமை கோராவிட்டால்?

குறிப்பிட்ட காலம் வைத்திருந்து, நீதவான் உத்தரவின் பேரில் அரச செலவில் அடக்கம். தகனம் செய்யமாட்டார்கள், பிறகு தோண்டி எடுக்க வேண்டி வரலாம் என்பதால். சந்தேகத்துக்கிடமான மரணம் என்றால் குடும்பம் வந்த பிறகும் புதைக்கத்தான் சொல்வார்கள். எரிக்கிற வழக்கமுள்ள வீடுகளில் இதனால் பெரிய மனவருத்தம் வரும். நீதிமன்றத்தில் எத்தனையோ தரம் அந்தக் கோரிக்கையை மொழிபெயர்த்திருக்கிறேன், அனுமதி கிடைத்ததும் உண்டு, கிடைக்காததும் உண்டு.

சோமர்ட்டன்காரரை ஆதரவற்ற பிணமாகப் புதைக்க விடாமல், குதிரைப் பந்தயத் தரகர்கள் சங்கம் ஒன்று செலவை ஏற்றது. நடுகல்லில் 'அறியப்படாத மனிதர்' என்று எழுதினார்கள். நமக்கு அந்த வசதியும் இல்லாத ஒரு நாள் இருந்தது. 2004 டிசெம்பர் 26 காலை கொழும்பு கோட்டையிலிருந்து புறப்பட்ட ரயில் பெரேலியாவில் அலையில் அகப்பட்டது. உரிமை கோரப்படாத பலரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். இன்றும் காலி ரயிலில் போகும்போது அந்த இடத்தில் பெட்டி முழுக்கப் பேச்சு நின்றுவிடும்.

உடலே கிடைக்காதவர்களுக்கு?

அது தனிப் பெரிய விஷயம். 2016 இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழ் வேண்டாம் என்கிற குடும்பங்களுக்குக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதே வருடம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் சட்டம் வந்தது. கடதாசி பற்றி மட்டும் சொன்னேன், மற்றதை அந்தத் தாய்மாரிடம்தான் கேட்க வேண்டும்.

அடையாளம் தெரிந்தால் நீதி கிடைக்குமா?

இரண்டும் வேறு. 1990 பெப்ரவரி 18 இல் பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவை வீட்டிலிருந்து கடத்தினார்கள். அடுத்த நாள் மொரட்டுவைக் கரையோரம் உடல். யார் என்று தெரிய நாட்கள் ஆகவில்லை. அவருடைய தாய் வைத்தியர் மனோராணி சரவணமுத்து, பிறகு, காணாமற்போனவர்களின் தாய்மார் சேர்ந்த அன்னையர் முன்னணியின் முகமாக நின்றவர். மகனின் உடலாவது தனக்குக் கிடைத்தது, அந்த வகையில் மற்றத் தாய்மாரைவிடத் தான் அதிர்ஷ்டசாலி என்று அவர் சொல்வாராம். மூன்று பொலிஸ் அதிகாரிகள் மீது நடந்த வழக்கில் 2005 இல் மூவரும் விடுதலை.

கரையில் சடலம் கண்டால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா? சொந்தக்காரர் பார்ப்பார்களே?

வேண்டாம். பார்க்கிற முதல் சொந்தக்காரர் பத்து வயதுப் பிள்ளையாக இருக்கலாம். பொலிஸுக்குச் சொல்லுங்கள், கிட்டப் போகாதீர்கள், சப்பாத்தையோ பையையோ எடுத்து ஒழுங்குபடுத்தாதீர்கள்.

எல்லாம் முடிந்து உடலைத் தந்துவிட்டார்கள். இனி என்ன?

மரணம் நிகழ்ந்த அல்லது உடல் அகப்பட்ட பிரிவின் பதிவாளரிடம் மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். விசாரணை அதிகாரியின் கடதாசி, இறந்தவரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எழுதி முடித்ததும் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தமிழில் இருந்து சிங்களத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போகும்போது முருகையா முருகேசு ஆகிவிடுவார், தகப்பன் பெயர் மகனுக்கு முன்னால் வரும், பிறகு வங்கியும் சேமலாப நிதியும் 'இது வேறு ஆள்' என்று திருப்பி அனுப்பும். அந்த ஹட்டன் அம்மாவுக்கும் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தது. கையெழுத்துப் போட முன்னால் பார்த்ததால், அந்த இடத்திலேயே வெட்டித் திருத்தி முத்திரை வைத்தார்கள்.